செல்ஃபிக்கு முன் ஈரத்துணி

ஆசிரியருக்கு,

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் ஓங்கில் (டால்பின்) ஒதுங்கினால் முதலில் கூடுவது செல்போன்கள்தான். வாலைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு; எலும்பு பிசகிவிடும். டால்பின் மீனல்ல, நம்மைப் போல் நுரையீரலால் மூச்சு விடுவது. உச்சந்தலையில் உள்ள மூச்சுத்துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாமல் பார்த்து, உடம்பில் ஈரத்துணி போர்த்தி, வனத்துறைக்குச் சொன்னாலே பெரிய உதவி.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, பலவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போனவர்கள் மீனவர்களே. வலையில் சிக்கிய ஓங்கில், திமிங்கிலம் போன்றவற்றை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு மகாராஷ்டிர அரசு இழப்பீடு தருகிறது. இங்கும் அதுபோன்ற இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும்.

அப்புறம், வனத்துறை எண்ணை மீன் இறங்குதளச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாமே. ஒரு டப்பா பெயின்ட் செலவுதான்!

- வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்