இறாத்தல் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் சரியான கொடுமை. கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மாமரம் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் காய்த்துத் தள்ளுகிறது.

கனடாவிலிருந்து நீ வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். ஜிம்மில் சேர்ந்து இவ்வளவு காலமாகியும் கையில் அதே 15 இறாத்தல் (பவுண்டு) டம்பெல்தான், 20-ஐ எடுத்தால் தோள் நடுங்குகிறது என்கிறாய். இரண்டு பக்கமும் தட்டு மாட்டித் தூக்குகிற நீளக் கம்பி, அதுதான் பார், அது இருக்கிற மூலைக்குப் போக வெட்கமாம், அங்கே நிற்பதெல்லாம் பெரிய பெரிய ஆம்பிளைகளாம். வட்ஸ்அப்பிலேயே பதில் சொன்னால் வேலைக்குப் போகிற பஸ்ஸில் பாதியைக் கேட்டுவிட்டு மிச்சத்தை மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சிரிக்காதே, உன் அம்மாவுக்கு இந்த விஷயம் இப்போது கொஞ்சம் தெரியும். எலும்பு தேயத் தொடங்கிவிட்டது, நடை மட்டும் காணாது, பாரமும் தூக்குங்கள் என்று டொக்டர் சொன்ன பிறகு, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜிம்மில் பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் போய்வருகிறேன். ஊர் என்ன சொல்லும் என்று பெரியம்மா கேட்டா. ஊர் எனக்கு எலும்பு தருமா? அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில், எலும்பு மெலிந்த வயதான பெண்களை 8 மாதம், கிழமைக்கு 2 தரம், அரை மணி நேரம் நல்ல பாரம் தூக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் நின்று கவனித்துச் செய்வித்ததுதான். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது என்று 2018-இல் எழுதினார்கள். அதை வாசித்துக் காட்டிய பிறகு பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வரவும் இல்லை என்பது வேறு கதை.

சரி, உன் கணக்குக்கு வருவோம். கணக்கு ரீச்சராக இருந்தவள் வேறு எங்கே தொடங்குவேன்? 15-இலிருந்து 20-க்குப் போவது 5 இறாத்தல்தானே என்று நினைக்கிறாய். அது மூன்றில் ஒரு பங்கு கூட்டல், நூற்றுக்கு 33. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் தந்த வழிகாட்டலில், ஒரு தரத்தில் கூட்டவேண்டியது நூற்றுக்கு 2 முதல் 10 வரை என்று இருக்கிறது. 15-க்கு அது கூடினால் ஒன்றரை இறாத்தல். உங்கள் ஜிம்மில் பதினாறரை இறாத்தல் டம்பெல் எங்கே இருக்கிறது? பதினேழரை கூட இல்லை என்கிறாய். ஆக, நடுங்குவது உன் பலவீனத்தால் இல்லை, படி அவ்வளவு உயரம்.

பாரில் அப்படி இல்லை. பெரிய பார் தனியாக 45 இறாத்தல், 20 கிலோவும் கொஞ்சமும். பக்கத்துக்கு இரண்டரை போட்டால் 50. பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புகிற ஸ்குவாட்டில் 65-க்கு வந்துவிட்டாய் என்று வை, அடுத்த படியான 70 நூற்றுக்கு 8 கூட வராது. 95-இலிருந்து 100-க்கு 5 சொச்சம்தான். பாரம் கூடக் கூடப் படி பதிகிறது, டம்பெல் அடுக்கிய ராக்கையில் தொடக்கக்காரருக்குத்தான் படி உயரம். நீ ஒதுங்கி நிற்கிற அந்த மூலையில்தான் உனக்குச் சுகமான வழி இருக்கிறது. 45 முதலில் கனத்தால் பெண்களுக்கென்று 15 கிலோ பார் இருக்கும், பிடியும் மெல்லிசு, இருக்கிறதா என்று கேள். படுத்துத் தூக்குகிறதுக்கு 20 இறாத்தலிலிருந்து தொடங்குகிற கட்டைப் பார்கள் சில இடங்களில் வைத்திருப்பார்கள். (இறாத்தல் என்றால் எனக்கு இன்னமும் பாண்தான் ஞாபகம் வருகிறது. இங்கே எல்லாம் கிலோ. உன் எண்களை நான் மனதில் மாற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

எப்போது கூட்டுவது என்பதற்கு மனத்தைரியம் தேவையில்லை, ஒரு கொப்பி போதும். ஆறாமல் தொடர்ந்து தூக்குகிறது ஒரு செட். அதற்கு 8 தரத்திலிருந்து 12 தரம் வரை என்று ஒரு வரம்பு வை. எல்லாச் செட்டிலும் 12 வடிவாக வந்தால், அதுவும் கடைசிச் செட்டில் இன்னும் 2 தூக்கலாம் போல இருந்து, அடுத்த முறையும் அப்படியே இருந்தால், கூட்டு. கூட்டியதும் 8-க்கு இறங்கிவிடுவாய். அது சறுக்கல் இல்லை, அப்படித்தான் இறங்கவேண்டும். டம்பெல்லிலும் 15-ஐ வைத்துக்கொண்டு 15 தரம் வரை போன பிறகு 20-ஐத் தொட்டுப் பார், நடுக்கம் குறைந்திருக்கும். திகதி, பாரம், எத்தனை தரம், எப்படி இருந்தது, நாலே நாலு நிரல். எழுதாமல் போகிறவர்கள் போன கிழமை தூக்கியதையே இந்தக் கிழமையும் தூக்கிவிட்டு வருவார்கள்.

இது நேற்று வந்த முறையும் இல்லை. தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு வந்த சிப்பாய்களின் கால்களைத் தேற்ற, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைச் செய்வித்து 1945-இல் அதைப் பற்றி எழுதினார்.

முதல் சில கிழமைகள் பாரம் கெதியாக ஏறும். தசை வளர்ந்துவிட்டது என்று நினைக்காதே, அது நரம்புகள் வேலை பழகுகிற காலம். தசை பிறகு வரும், மூட்டைச் சுற்றியுள்ள நார்கள் அதற்கும் பிறகு. அந்த நாட்களில் ஆசையில் ஏற்றுகிறவர்களுக்குத்தான் இடுப்புப் பக்கம் நாரி பிடிக்கிறது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் தசை முழுக்க உளைந்தால் பயமில்லை. மூட்டில் ஓரிடத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் நிறுத்து. குதிக்கால் நிலத்தை விட்டுக் கிளம்பினாலோ, நிலத்திலிருந்து தூக்கும்போது முதுகு வளைந்தாலோ, கொப்பியில் அந்த முறையை எண்ணாதே. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரை ஞாபகம் இருக்கிறதா? மூட்டையை உடம்போடு அணைத்து, முழங்காலை மடித்து, மூச்சைக் கட்டி எழும்புவார்கள். பாரும் காலோடு உரசிக்கொண்டு மேலே வரவேண்டும். எட்ட நின்று இழுத்தால் முழுப் பாரமும் நாரிக்குத்தான்.

இனி அந்த ஆம்பிளைகள். அந்த மூலை யாருக்கும் சீதனமாக எழுதிக்கொடுத்த காணி இல்லை. அங்கே நிற்பதற்கு வேண்டியது பெரிய கை இல்லை, நடைமுறை தெரிந்திருக்கவேண்டும். நடைமுறை தெரிந்தவளை யாரும் "நீ ஏன் இங்கே" என்று பார்க்க முடியாது. அப்படிப் பார்த்தாலும் அது அவனுடைய பிரச்சினை. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாகப் பளுதூக்கல் வைத்தார்கள். ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி இரண்டு தூக்கலில் 110-உம் 130-உமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தா. இங்கே அப்போது சண்டைக் காலம், அந்த நேரத்திலும் அந்தச் செய்தி எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவ 240 தூக்கியிருக்க, என் மகள் வெறும் பாரைத் தொட வெட்கப்படுகிறாள்.

பாரைத் தாங்கி வைக்கிற ரேக்கில் ஆள் நின்றால் செட் முடியும் வரை பொறு. தூக்கிக்கொண்டிருக்கிறவருடன் கதைக்காதே, அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நடக்காதே. பாரை வைத்து மூச்சு விட்ட பிறகு, "இன்னும் எத்தனை செட்?" என்று கேள். நிறைய இருந்தால், அவர் ஆறும் நேரத்தில் நீ செய்யலாமா என்றும் கேட்கலாம். பெரும்பாலும் ஓம் என்பார்கள். உன் முறை முடிந்ததும் தட்டுகளை அவருடைய அளவுக்குத் திரும்பப் போட்டுக் கொடு. ஸ்காபரோவில் அரைவாசி எங்கட ஆக்கள்தானே, "அண்ணை, எத்தினை செட் இருக்கு?" என்றே கேட்டுப் பார், படுத்துத் தூக்குகிற வாங்கையே துடைத்துத் தருவார்கள். பாரமான செட்டுகளுக்கு நடுவில் நீயும் 2, 3 நிமிடம் ஆறத்தான் வேண்டும், அது சோம்பல் இல்லை. ஆனால் ஃபோனைப் பார்த்துக்கொண்டு வாங்கில் குந்தியிருக்காதே, எழும்பி நில். ஆள் காத்து நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இங்கே எங்களுடைய பெரிய தலையிடி, எங்களுக்கு முன் வருகிற பெடியள். கண்ணாடியில் தோளைப் பார்க்க நேரம் இருக்கிறது, பாரிலிருந்து தட்டைக் கழற்ற நேரமில்லை. பக்கத்துக்கு இரண்டு 20 கிலோ தட்டு அப்படியே இருக்கும். "பாவித்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கவும்" என்று சுவரில் எழுதியிருக்கிறது, அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்று படம் எடுப்பார்கள். அன்றைக்கு எங்களோடு வருகிற ஒரு பிள்ளை கோபத்தில் ஒரு பக்கத் தட்டுகளை முழுக்கக் கழற்றிவிட்டாள். மற்றப் பக்கம் அப்படியே சரிய, பார் துள்ளி எழும்பிக் கண்ணாடியை மயிரிழையில் தவறவிட்டது. ஆகவே இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று மாறி மாறிக் கழற்று. போடும்போதும் அப்படித்தான். தட்டு கழராமல் மாட்டுகிற பூட்டை மறவாதே.

வேர்வை துடைக்க ஒரு துவாய், நீ படுத்த வாங்கைத் துடைக்க அங்கே வைத்திருக்கும் துணி, இரண்டும் வேறு வேறு. டம்பெல் எடுத்ததும் ராக்கைக்கு முன்னாலேயே நின்று தூக்காதே, இரண்டு அடி பின்னால் வா. கை மடக்குகிற பயிற்சிக்கு ரேக்கைப் பிடித்து வைக்காதே, அதைப்போல ஆத்திரம் மூட்டுகிற வேலை வேறில்லை. சென்ற் அடித்துக்கொண்டு போகாதே. யாருக்கும் கேட்காமல் புத்தி சொல்லாதே, விழுந்து அடிபடப் போகிறார் என்றால் மட்டும் வாயைத் திற.

படுத்துத் தூக்கும்போது பாரம் கூட்டுகிற அன்றைக்கு மட்டும் கட்டாயம் ஒருவரைத் தலைமாட்டில் நிற்கச் சொல். எத்தனை தரம் தூக்கப்போகிறாய், எப்போது பாரைப் பிடிக்கவேண்டும் என்று முதலே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அவர் முதல் தரத்திலேயே பிடித்து இழுப்பார், தூக்கியது நீயா அவரா என்று தெரியாது. ஆள் கிடைக்காவிட்டால் ரேக்குக்குள் வாங்கை வைத்து, பக்கக் கம்பிகளை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் கழுத்துக்கு மேலேயும் வருகிற மாதிரிப் போட்டுக்கொள். அதுவும் இல்லாத இடத்தில் அன்றைக்குப் பாரம் கூட்டாதே.

சாப்பாடு பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லுவேன். உடல் நிறையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பலரும் சொல்கிற அளவு. உனக்கு 90 கிராமுக்கு மேல் வரும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். காலையில் கோப்பி மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறவளுக்கு அது எங்கே வரப்போகிறது? மீனும் பயறும் கடலையும் அங்கே கடையில் இல்லையா?

திங்கட்கிழமை ரேக் பக்கம் போ. வெறும் பாரோடு ஸ்குவாட் செய், பக்கவாட்டில் ஃபோனை வைத்து எடுத்து அனுப்பு, முதுகு எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். படத்தில் வேறு ஆட்கள் விழாமல் பார்த்துக்கொள், அவர்கள் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் இல்லை. வியாழக்கிழமை பின்னேரம், இங்கத்தைய நேரத்துக்கு, என்னை அழைக்காதே. அன்றைக்கு எனக்குக் கால் பயிற்சி.

அன்புடன்,
அம்மா