ஆலிவ் பச்சைக்கு அனுமதி கேட்டு ஒரு திறந்த மடல்

மத்திய மோட்டார் வாகன விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

1989-ஆம் ஆண்டு விதிகளில் 121-ஆவது விதி என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது. 2021-இல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்ததும் நீங்கள்தான். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி அசல் வடிவம் கெடாமல் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் எழுதினீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது படித்துப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

என்னிடம் இருப்பது 1944-ஆம் வருஷத்து ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்தது. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதன் மேல் இருந்தது இந்த ஆலிவ் பச்சைதான். நிறத்தை அப்படியே வைத்திருந்தால் 121 பிடிக்கிறது. மாற்றினால் வண்டி அசல் இல்லை. சேசிஸ், பாடி, என்ஜின் மாறாமல் இருந்தால் போதும், நிறம் அந்தக் கணக்கில் வராது என்று உங்களில் ஒருவர் விளக்கம் தரலாம். சரி. அப்படியானால் அந்த ஜீப்புக்கு நான் என்ன நிறம் அடிக்கட்டும்? மாம்பழ மஞ்சளா?

போன குளிர்காலத்தில் மைசூர்ப் பக்கம் பழைய ராணுவ வண்டிகளின் பேரணி ஒன்று நடந்தது. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாக நானும் என் பெரியப்பாவும் கிளம்பினோம். பெரியப்பா ராணுவத்தில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜோங்கா என்ற ராணுவ ஜீப்புகளையும் சக்திமான் லாரிகளையும் பிரித்து மாட்டியே வயதானவர். எங்களிடம் விண்டேஜ் வண்டிகளுக்கே உரிய விஏ வரிசை எண் பலகை இருந்தது. இருபதாயிரம் ரூபாய் கட்டி வாங்கிய விண்டேஜ் பதிவு இருந்தது. பேரணிக்கான அழைப்புக் கடிதம் இருந்தது. பேரணிக்குப் போகலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது.

வழியில் ஒரு வாகனத் தணிக்கை. ஆய்வாளர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். ஆவணங்களைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இது ஆர்மி கலருங்க. நீங்க அடிக்கக் கூடாது" என்றார்.

"இந்தக் கலர நாங்களா தம்பி முடிவு பண்ணோம்? 1944-ல அடிச்சதுங்க" என்றார் பெரியப்பா.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. போர் முடிந்து ராணுவம் வேண்டாத வண்டிகளை விற்ற டிஸ்போசலில் என் தாத்தா எஸ்டேட்டுக்காக வாங்கிய வண்டி இது. நீலம், வெள்ளை, மறுபடி நீலம் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் ஏறியிருந்தது. பெரியப்பா உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பானட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், அவசரப்படாமல் தேய்த்துக்கொண்டே வந்தார். நீலம் போய், வெள்ளை போய், பச்சை வந்தது. பச்சையின் மேல் 20 என்று தொடங்கும் வெள்ளை எண் மங்கலாகத் தெரிந்தது. அமெரிக்க ராணுவம் இந்த ஜீப்புக்குக் கொடுத்த பதிவு எண் அது. அந்த இடத்தை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. மற்ற பாகங்களுக்கு அதே பச்சையைக் கலந்து அடித்தோம். போல்ட்டுகளின் தலையில் ஃபோர்டு பொறித்த எஃப் எழுத்துகூட மறையாமல் பார்த்துக்கொண்டோம். ஆய்வாளருக்கு இதையெல்லாம் காட்டினோம். டேஷ்போர்டில் இருந்த தகட்டில் டெலிவரி தேதியைக் காட்டினோம். அவர் ஆர்வமாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு அபராதச் சீட்டு எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்தது நீங்கள் எழுதிய விதி.

அதற்குள் வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. திம்பம் மலைப்பாதையில் இரவு அடைப்பு உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். "இப்படியே போனீங்கன்னா அடுத்த செக்கிங்லயும் நிறுத்துவாங்க, எதையாவது போத்திக்கிட்டுப் போங்க" என்று அங்கிருந்தவர்களே யோசனை சொன்னார்கள். பக்கத்துக் கடையில் நீலத் தார்ப்பாய் வாங்கி, பானட்டையும் இரண்டு பக்கத்தையும் மூடி, கயிறு போட்டுக் கட்டினோம். அந்த ஜீப்பின் முகப்பில் இருக்கும் ஒன்பது திறப்புகள் அழகுக்கு வைத்தவை அல்ல. ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழி. கயிறு தளர்ந்து தார்ப்பாய் அதன் மேல் இறங்கிவிட்டது. 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்க மாட்டோம், ரேடியேட்டர் கொதித்து ஆவி முகத்தில் அடித்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றி, கொஞ்ச தூரம் ஏறுவதும் நின்று ஆறவிடுவதுமாக மேலே போனோம். ஆறு வோல்ட் விளக்குகள், வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிரி கண்ணில் படாமல் இருப்பதற்காக அடித்த நிறத்தை, போக்குவரத்துத் துறை கண்ணில் படாமல் மூடிக்கொண்டு போன கதை இது. பெரியப்பா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பச்சைக்குள் வேலை பார்த்த மனுஷன்.

ராணுவ வேஷம் போட்டு யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி என்பது புரிகிறது. நியாயமான கவலை. ஆனால் எண்பது வயது தாண்டி, ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கதவே இல்லாத ஒரு ஜீப்பில் ஏறி எந்தச் சதிகாரன் வருவான்? 2001-இல் நாடாளுமன்றத்தைத் தாக்க வந்தவர்கள் உள்துறை அமைச்சக ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசடரில் வந்தார்கள். அதற்காக வெள்ளை அம்பாசடரை யாரும் தடை செய்யவில்லை. எங்கள் வண்டியிலோ விஏ என்ற எழுத்து முன்னும் பின்னும் இருக்கிறது, தூரத்திலிருந்தே தெரியும். ராணுவ எண் பலகையின் அம்புக்குறியை நாங்கள் கேட்கவில்லை, படைப்பிரிவுச் சின்னங்களையும் கேட்கவில்லை. கேட்பது நிறம் ஒன்றுதான். பிரான்ஸில் நார்மண்டிக் கரையோரக் கிராமங்களில் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே ஜீப்புகள் இதே பச்சையில் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன.

இதே நெடுஞ்சாலையில் ஆளுயர டயரும் கண்ணைப் பறிக்கும் எல்இடி பட்டைகளும் மாட்டிக்கொண்டு ஆரஞ்சு நிற ஜீப்புகள் பறக்கின்றன. அவற்றில் அசலாக எஞ்சியிருப்பது ஸ்டீயரிங் மட்டும்தானோ என்று சந்தேகமாக இருக்கும். அவற்றைத் தடுத்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. சக்திமான் லாரியின் கதை இன்னும் மோசம். 1959 முதல் ஜபல்பூரில் செய்து, இமயமலை வரை ராணுவத்தைச் சுமந்த லாரி அது. உங்கள் விண்டேஜ் விதிகள் இரு சக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும்தான். லாரிக்கு இடமே இல்லை. ஏலத்தில் போகிறவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகின்றன. இது தனி வழக்கு, இன்னொரு மடலில் எழுதுகிறேன். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். விண்டேஜ் பதிவு பெற்ற, முன்பு ராணுவத்தில் இருந்ததற்குச் சான்று உள்ள வண்டிகளுக்கு 121-ஆவது விதியிலிருந்து விலக்கு தாருங்கள். ஒரு வரி சேர்த்தால் போதும். திருத்தம் வரக் காலம் ஆகும் என்றால், அதுவரை மாநிலப் போக்குவரத்து ஆணையர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். அதன் நகலைத் தணிக்கையில் காட்டினால் போகவிட வேண்டும். கூடவே விண்டேஜ் பதிவின்போது ஆர்சியில் நிறம் என்ற இடத்தில் வெறும் 'பச்சை' என்று எழுதாமல் 'ஆலிவ் பச்சை, அசல்' என்று எழுதச் சொல்லுங்கள்.

அபராதச் சீட்டு, ஆர்சி, பானட் எண்ணின் புகைப்படம் மூன்றின் நகல்களையும் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றால் எந்த ஊருக்கும் கொண்டுவரத் தயார். வரும் வழியில் மட்டும் யாரும் நிறுத்தாதபடி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஜீப்பின் சொந்தக்காரன்,
கோயம்புத்தூர்