ஒரே கல்லில் சிலுவையும் சுத்தியலும்

கோபன்ஹேகன்

அன்புள்ள சிவலிங்கம்,

நான் நலம், நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஊதுகுழலும் குறடும் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மகளைப் பார்க்க வந்த இடத்தில், சென்ற வாரம் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் உன்னை நினைக்கவைத்த ஒரு பொருளைக் கண்டேன். அந்நாட்டின் ஜட்லாந்துப் பகுதியில் டிரென்ட்கோர்டன் என்ற இடத்தில் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வார்ப்பச்சு அது. நம் வீட்டுக் கல்சட்டி குடையும் மாக்கல்லேதான். உளிக்கு இணங்கும், உருகிய வெள்ளியின் சூட்டையும் தாங்கும். அந்தச் சிறு கட்டியில் இரண்டு குழிகள் சிலுவைக்கு. ஒன்று, கிறிஸ்தவத்துக்கு முன் அந்த வடநாட்டார் வணங்கிய இடியின் தெய்வமான தோரின் சுத்தியலுக்கு. எல்லாம் கழுத்தில் அணியும் டாலர்கள்.

இரு தரப்பாரிடமும் காசு பார்த்த சாமர்த்தியசாலி என்று அந்தக் கொல்லனைச் சொல்வது வழக்கம். பிள்ளையார் டாலரையும் மாதா டாலரையும் ஒரே தட்டில் வைத்து விற்ற உனக்கு அது வியப்பாக இராது. ஆனால் வாங்கியவர்கள் அப்படி இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்றார்களா என்பதுதான் என் ஐயம். ஐஸ்லாந்தின் ஃபோஸ் என்னும் ஊரில் கிடைத்த வெள்ளி டாலரின் உடல் சிலுவை. கயிறு கோக்கும் முனையோ வாயைத் திறந்த ஓநாய்த் தலை போன்றது. அதைச் சுத்தியல் என்று பார்ப்பவர்களும் உண்டு. அது ஒரே கழுத்துக்குச் செய்த ஒரே பொருள் அல்லவா? அதே நாட்டில் குடியேறிய ஒல்லி ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பினார், தம் குடியிருப்புக்குக் கிறிஸ்ட்னெஸ் என்றே பெயரிட்டார். கடற்பயணம், கடினமான காரியம் என்றால் மட்டும் தோரைத்தான் வேண்டிக்கொண்டார் என்று குடியேற்ற வரலாற்று நூல் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆள்!

டேனியரைக் கிறிஸ்தவராக்கியதாக அவர்களின் அரசர் ஹரால்ட் 965 வாக்கில் யெல்லிங் என்ற ஊரில் கல்வெட்டே நாட்டிவிட்டார். நார்வேயிலோ, இங்கிலாந்தில் கிறிஸ்தவராக வளர்ந்து வந்த அரசர் ஹாக்கோன், விருந்தில் பழைய தெய்வமான ஓடினுக்குப் படைத்த மதுக்கொம்பின் மேல் சிலுவைக் குறி இட்டாராம். குடியானவர்கள் முணுமுணுக்கவே, அருகிலிருந்த சிகுர்ட் பிரபு, "அரசர் வரைந்தது தோரின் சுத்தியல்" என்று சமாளித்தாராம். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை என்பதால் நடந்ததா என்பது வேறு; கையசைவு இரண்டுக்கும் ஒன்றாகவே தோன்றியது என்பதைக் கவனி.

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தக் கல்லில் முதலில் வெட்டியது சிலுவையா, சுத்தியலா? கண்ணாடிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உளித்தடம் பார்த்துப் பழகிய உனக்கு ஏதேனும் தெரியக்கூடும். படம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்