பென் டிரைவைக் கைமாற்றியவர்களுக்கு

பாம்பனிலிருந்து வணக்கம்.

நாலு குறும்படம், மொத்தம் 74 நிமிடம். பெண்ணைக் காதலிக்கும் பெண்களைப் பற்றி எங்கள் கரையில், எங்கள் பேச்சில் எடுத்தது. "இதையெல்லாம் யாரு பாக்கப்போறா?" என்று கேட்டவர்களிடம் ஒரு வருஷமாக முழித்துக்கொண்டு நின்றோம். இப்போது உங்களைக் கைகாட்ட முடிகிறது.

முதல் நன்றி சின்னப்பாலம் அக்காமாருக்கு. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதத்தில் அவ்வளவுதான் உங்களுக்குக் கடலில் பாசி எடுக்கிற நாள். அதில் இரண்டை எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். நடிக்க வந்த பிள்ளைக்கு விரலில் துணி சுற்றிவிட்ட அக்கா, "இறுக்குனா மரத்துப்போகும், தொளதொளன்னு விட்டா பாறை கிழிச்சிரும்" என்று மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். அந்தக் கையைத்தான் போஸ்டரில் வைத்தோம். முகம் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். வீட்டுக்கு ஒரே போன், அதைத் தம்பியும் எடுத்துப் பார்ப்பான் என்றிருக்கிறவளும் பயமில்லாமல் திறக்கவேண்டுமே.

தனித்தனியாக விட நினைத்த எங்களைத் தடுத்த சென்னைத் தோழிக்கு அடுத்து. "15 நிமிஷப் படத்துக்கு யாரு பாய் விரிப்பா? நாலையும் கோத்தா ஒரு சாயங்காலம் ஆச்சு" என்றார். கோத்தோம். ஆனால் தேடுகிறவள் எதைத் தட்டித் தேடுவாள்? 'லெஸ்பியன்' என்று தமிழில் தட்டிப்பாருங்கள், வந்து விழுவது ஆம்பளைகளுக்காக எடுத்த அசிங்கம்தான். 2022-ல் தமிழ்நாடு அரசே தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரை மரியாதையாகக் குறிப்பிடக் கெசட்டில் சொற்பட்டியல் போட்டது. நல்ல காரியம். தொண்டியில் இருக்கிற ஒரு பொண்ணு ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பட்டியலில் இருக்கிற சொல்லையா தட்டப்போகிறாள்? இப்படிப்பட்ட படங்களுக்கென்றே மும்பையில் 2010 முதல் காஷிஷ் விழா நடக்கிறது, சென்னையில் ரீல் டிசையர்ஸ் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு வழி தெரியும். எங்களுக்குச் சென்னையே சேது எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம், வீட்டில் சொல்லப் பொய் ஒன்று.

ஆகவே ஏழு பென் டிரைவ் வாங்கி, நாலு படத்தையும் ஏற்றிக் கைமாற்றக் கொடுத்தோம்.

கீழக்கரை லாத்தா, உங்களை என்ன சொல்ல! துபாயில் இருக்கிற தங்கச்சிக்குத் தொதல் இனிப்பு டப்பாவோடு ஒன்றை அனுப்பினீர்கள். வெள்ளிக்கிழமை அவர் அறையில் ஆறு பேர் பார்த்தார்களாம். அதில் ஒருவர் கேட்ட கேள்வியை நீங்கள் எனக்கு அப்படியே வாய்ஸ் நோட்டில் அனுப்பினீர்கள்: "ரெண்டாவது கதையில வர்றவ ஊருக்குத் திரும்பிப் போனாளா, இல்லையா?" அதை இயக்கியவளே இன்னும் முடிவு பண்ணவில்லை.

டொராண்டோவில் வளர்ந்த தங்கைக்கு, சப்டைட்டிலுக்காக. "கச்சான் அடிக்குது" என்ற வசனத்துக்கு அவள் முதலில் நிலக்கடலை என்று போட்டுவிட்டாள். அவர்கள் வீட்டில் கச்சான் என்றால் கடலைதான். காற்று என்று திருத்தியபின்பும் எங்களுக்குள் அந்தப் படத்துக்குக் கடலைப் படம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்த நேரம். மண்டபம் ஊரில் ஒரு ஹாலில் திரையிட ஏற்பாடு. அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஹால்காரர் கையை விரித்துவிட்டார். மண்டபத்தில் மண்டபம் கிடைக்காமல் நின்றபோது மொட்டைமாடியைத் திறந்துவிட்ட ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு நன்றி. என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. வேட்டியைத் திரையாகக் கட்டியதும் அவரேதான். தென்கடல் காற்றில் அது உப்பி உப்பி, முத்தக் காட்சியில் இரண்டு முகமும் பூசணிக்காய் மாதிரி ஆனது. 23 பேர் சிரித்தோம். கடைசி வரிசையில் பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இருவர் மட்டும் சிரிக்காமல் பார்த்தார்கள். நீங்கள் இருவரும் முடியுமுன்னே எழுந்து போய்விட்டீர்கள். கடைசிப் படம் பார்க்கவேண்டுமென்றால் லாத்தாவிடம் கேளுங்கள்.

பென் டிரைவில் மூன்று திரும்பி வந்திருக்கிறது. மற்ற நாலையும் வைத்திருக்கிறவர்கள் எனக்கு அனுப்பவேண்டாம். அடுத்து யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.