படத்துக்குக் கீழே இரண்டு வரி

அன்புள்ள மகளுக்கு,

போர்ப் படம் எடுக்க ராணுவத்தோடு போக அனுமதி கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். போகாதே என்று சொல்லும் வேலையை உன் அம்மா ஃபோனில் பார்த்துக்கொள்கிறாள். நான் பத்திரிகையின் போட்டோ டெஸ்கிலேயே தலை நரைத்தவன். அடுத்தவர் எடுத்த படங்களுக்குப் படக்குறிப்பு எழுதியவன். அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

படம் உனக்கு நன்றாகத்தான் வரும். சோம்பல் எல்லாம் படக்குறிப்பில்தான். போன மாதம் நீ அனுப்பியதில் ஒன்று: ‘வான்தாக்குதலில் இடிந்த வீடு’. விமானத்தை நீ பார்த்தாயா? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்றால், ‘வான்தாக்குதலில் இடிந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் கூறும் வீடு’ என்று எழுது. மூன்று வார்த்தை கூடும், அவ்வளவுதான். பீரங்கியால் இடிந்தது என்று நாளைக்குத் தெரியவந்தாலும் உன் குறிப்பு பொய்யாகாது.

வியட்நாம் போரின்போது, 1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் எடி ஆடம்ஸ் எடுத்த படம் உனக்குத் தெரியும். தென்வியட்நாம் போலீஸ் தலைவரான ஜெனரல் ஒருவர், கை கட்டப்பட்ட கைதியின் தலையில் சுடுகிறார். மறுவருஷம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. படத்தில் துளி பொய் இல்லை. ஆனால் அது வியட்நாம் புத்தாண்டையொட்டி எதிர்ப்படை நடத்திய டெட் தாக்குதலின் நடுவே, நகருக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் என்பது ஃபிரேமுக்குள் இல்லை. பிடிபட்டவர் வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையின் ஆள் என்பதும் இல்லை. அந்த ஜெனரலின் வாழ்க்கையைத் தன் படம் நாசமாக்கிவிட்டது என்று ஆடம்ஸ் பிற்காலத்தில் வருந்தினார். விசாரணையில்லாமல் கைதியைச் சுட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. யார் செய்தாலும் அது குற்றம்தான். குற்றம் என்று சொல்கிறவர்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு சொல்லட்டும் என்கிறேன்.

படத்தில் ஒட்டுவேலை செய்வது பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003 இராக் போரில் பாஸ்ரா அருகே எடுத்த இரண்டு ஃபிரேம்களை ஒன்றாக்கி அனுப்பிய பத்திரிகைப் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கிக்கு உடனே வேலை போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் ஒரே படத்தில் இரண்டு தடவை தெரிந்ததால் மாட்டிக்கொண்டார்.

ராணுவத்தோடு போனால் குண்டு கிளம்புகிற இடம்தான் உனக்குத் தெரியும், விழுகிற இடம் தெரியாது. அவர்கள் வண்டி, அவர்கள் சாப்பாடு, ஆபத்து வந்தால் காப்பாற்றுவதும் அவர்கள்தான். ஒரு வாரத்தில் உன் வாயிலும் ‘நம்ம பசங்க’ என்று வந்துவிடும். மனுஷ சுபாவம், தப்பு சொல்ல மாட்டேன். அதனால்தான் குறிப்பில் ஒளிக்காமல் எழுது: ராணுவத்துடன் சென்று எடுத்தது, இதற்கு அப்பால் செல்ல அனுமதி இல்லை. படத்தை வெளியிடுமுன் அவர்கள் பார்த்தார்கள் என்றால் அதையும் எழுது. அந்த வரியை எந்த டெஸ்க்காவது வெட்டினால் சண்டை போடு.

கோரமாக இருக்கிறது என்று நீயே ஒரு படத்தை ஒதுக்காதே. 1991 வளைகுடாப் போரில், வண்டிக்குள்ளேயே கருகிக் கிடந்த இராக் வீரரைக் கென் ஜாரெக்கி எடுத்தார். அமெரிக்காவில் ஏபி செய்தி நிறுவனம் அதை அனுப்பாமல் நிறுத்திவிட்டது. லண்டனில் ‘அப்சர்வர்’ பத்திரிகை போட்டது. போடுவதா வேண்டாமா என்பது டெஸ்கில் உட்கார்ந்திருப்பவனின் தலைவலி. அனுப்புவது உன் வேலை. உயிரோடு இருப்பவர் முகம் என்றால் மட்டும் நிதானி. படம் வந்தபின் அவர் அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்? அவர் பயந்தால் பெயரை விட்டுவிடு. கேமராவிலும் ஃபோனிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடு. மறைந்திருக்கும் குடும்பத்தின் இடத்தை உன் படமே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

ரத்த வகையை ஜாக்கெட்டில் எழுதி ஒட்டியாயிற்றா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டும் பட்டையைப் பைக்குள் அடியில் திணிக்காதே, கை எட்டுகிற இடத்தில் மாட்டு. போய்ச் சேர்ந்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. என்னிடம் அப்புறம் பேசலாம்.

அப்பா