ரயில் ட்ரைவர் டெஸ்ட்டுக்கு போற பிள்ளைங்களுக்கு

வணக்கம் எல்லாருக்கும். நம்ம மலேசியா சுங்கை சிப்புட் ஊரு பசங்க நாலு பேரு ரயில் ட்ரைவர் வேலைக்கு மனு போட்டிருக்கீங்கன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம்.

முதல்ல கண்ணு. கலர் புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்குமே, இஷிஹாரா டெஸ்ட், அத இப்பவே டவுன் கண்ணாடிக் கடையில செஞ்சு பாத்துடுங்க. என்கூட படிச்ச ஒருத்தன் ஆறு மாசம் உக்காந்து படிச்சுட்டு கடைசில சிவப்பு பச்சை பிரிச்சு பாக்க முடியாம நின்னுட்டான், அந்த வலி உங்களுக்கு வேணாம்பா.

அப்புறம் கவனம். இங்கிலாந்துல ட்ரைவர் எடுக்க குரூப் போர்டன்னு ஒரு டெஸ்ட் வச்சாங்க, தாள் முழுக்க புள்ளிக் கூட்டமா இருக்கும், நாலு புள்ளி இருக்கற கூட்டத்த மட்டும் கோடு போட்டுக்கிட்டே போகணும், டைம் ஓடும், வேகமும் வேணும் தப்பும் வரக்கூடாது. சலிப்பான வேலையில மனசு அலையாம இருக்க இதவிட நல்ல பயிற்சி இல்ல. நம்ம இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா ஒரு நொடிக்கு 39 மீட்டர் கிட்ட, கண்ண அந்தப் பக்கம் திருப்பினா என்னாகும்னு யோசிங்க.

இன்டர்வியூல "நான் பொறுப்பானவன்"னு சொன்னா பத்தாது தம்பி, செம்பனை லோரி ஓட்டுனப்போ பிரேக் சரியில்லன்னு வண்டிய எடுக்கமாட்டேன்னு சொன்னீங்களா, அத சொல்லுங்க, என்ன நடந்துச்சு, நீங்க என்ன செஞ்சீங்க, எப்படி முடிஞ்சுச்சுன்னு.

ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு கோயில் மண்டபத்துல புள்ளித் தாள் போட்டு பழகலாம், பென்சிலும் கைக்கடிகாரமும் எடுத்துட்டு வாங்க.