ஒரு நோயாளி, ஐந்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.பி.பி.எஸ். மாணவர்களின் மருத்துவமனைப் பயிற்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை பேச்சுக்குக்கூட வரவில்லை. நடைமுறையும் அப்படித்தான். பல இடங்களில் ஒரு பேட்ச் முழுவதையும் லீனியர் ஆக்சிலரேட்டர் (கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம்) அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். பெரிய இயந்திரமும் கனத்த கதவும்தான் மனதில் தங்கும்.

மாணவர் பின்தொடர வேண்டியது ஒரு நோயாளியை. வாய்ப் புற்றுநோய்க்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் போவது பல் மருத்துவரிடம். பிடுங்க வேண்டிய சொத்தைப் பல்லைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதன்பின் பல்லில் கைவைத்தால், பல வருடம் கழித்தும்கூட, புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம்.

அடுத்தது மாஸ்க். சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் வலைத் தகடு துணிபோலத் துவண்டுவிடும். அதை முகத்தின்மேல் இழுத்துப் பலகையோடு பூட்டினால் சில நிமிடங்களில் முக அச்சாக இறுகும். தினமும் தலை அசையாமல் அதே நிலையில் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நான்காவது வாரம் அதே மாஸ்க்கைப் போட்டால் கன்னத்தருகே விரல் நுழையும் இடைவெளி தெரியும். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் ஆள் இளைத்துவிட்டார். குறிவைத்த இடம் நகர்ந்திருக்கும்; புது மாஸ்க், புது சி.டி. ஸ்கேன், கதிர் எங்கே எவ்வளவு பட வேண்டும் என்ற புதுத் திட்டம் எல்லாம் வேண்டும். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்) உணவை எப்போது தொடங்க வேண்டும் என்ற பாடம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பெரிய தவறு நடப்பது ஊர் மருத்துவமனையில். ஒரு நாளைக்கு 2 கிரே (கதிர்வீச்சின் அளவு), வாரம் ஐந்து நாள், 35 தடவை, மொத்தம் 70 கிரே என்பது வழக்கமான கணக்கு. சிகிச்சையின் நடுவே வாயெல்லாம் வெந்துபோய் வருபவரிடம், ‘புண் ஆறட்டும், அப்புறம் போங்க’ என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடுகிறார்கள். மிஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகும் கட்டம் அது. ஒரு வார இடைவெளிகூடக் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கும். உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொப்பளிப்பு, தேவையானால் மார்ஃபின் வரை வலி மருந்து, டியூப் உணவு கொடுத்து, மறுநாளே கதிர்வீச்சுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் இந்த அறிவு வேண்டும். புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி, கால் தளர்ச்சி என்றால் தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்: டெக்சாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து), முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ., அன்றைக்கே கதிர்வீச்சு மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் தகவல். கால் முழுக்க விழுந்தபின் வந்தால் நடை திரும்புவது அரிது.

பேச்சும் பழக வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்டு வைக்கிறது’ என்றே மக்கள் சொல்கிறார்கள். ஷாக் அடிக்குமோ என்று பயப்படுகிறார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம் என்று மாணவரே நோயாளியிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

மாணவர்களின் அறுவை சிகிச்சைப் போஸ்டிங்கிலிருந்து (அந்தத் துறையில் பயிற்சி பெறும் காலம்) ஐந்து நாள் எடுத்துக் கொடுத்தால் போதும்: ஓ.பி., மாஸ்க் அறை, கதிர்வீச்சுத் திட்டம் போடும் இயற்பியலாளரின் கணினி, சிகிச்சை அறை, வாராந்திரப் பரிசோதனை. சிகிச்சை அறைக்கு மட்டும் ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். இருபது பேர் சூழ்ந்து நின்றால் டெக்னாலஜிஸ்ட் கவனம் சிதறும். ஒருவருக்குரிய திட்டத்தை இன்னொருவருக்குத் திறந்துவிடும் ஆபத்து அங்கேதான்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை ஆசிரியர் ஒருவர்,
மதுரை